ஹைஜாக்: பரவும் கதையும் கிடைக்கும் ஆதாரமும்

'ஹைஜாக்' என்ற சொல் பிறந்த கதை என்று ஒன்று மறுபடியும் சுற்றுகிறது. லாரியை மறித்த கொள்ளைக்காரன் ஓட்டுநரிடம் "ஹாய், ஜாக்!" என்றபடி துப்பாக்கியை நீட்டினானாம், அதுவே சொல்லாக நிலைத்ததாம். தயவுசெய்து இதை வரலாறு என்று பகிராதீர்கள். முக்கியமான ஆங்கில அகராதிகள் இச்சொல்லின் மூலம் தெரியவில்லை என்றே குறிக்கின்றன. 'ஹைவே'யும், வழிப்பறி செய்பவனைக் குறிக்கும் 'ஜாக்கர்' என்பதும் சேர்ந்து குறுகியிருக்கலாம் என்பது ஓர் ஊகம் மட்டுமே.

சொல் புழங்கிய களம் பற்றி ஐயமில்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு தழுவிய மதுவிலக்கு. கள்ளத்தனமாக மது ஏற்றிவந்த லாரியை வழியில் மடக்கிச் சரக்கைப் பறித்தவன்தான் ஹைஜாக்கர். பறிகொடுத்தவனால் போலீசுக்குப் போக முடியாது, ஏனென்றால் சரக்கே சட்டவிரோதம். இந்தத் தொழில் தழைத்ததற்கு அதுதான் காரணம். நாமோ சரக்கைக் கடத்தியவனையும் அவனிடமிருந்து பறித்தவனையும் சேர்த்துக் 'கடத்தல்காரன்' என்றே எழுதுகிறோம். மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

1960களில் விமானம் தொடர்பாக இச்சொல் பரவலானது. 'ஸ்கைஜாக்', 'கார்ஜாக்' எல்லாம் இதன் 'ஜாக்' என்ற வாலை வெட்டி ஒட்டிப் பின்னர் உருவானவை.

சட்டம் இதைவிடத் துல்லியமாகப் பேசுகிறது. விமானக் கடத்தல் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான 1970 ஹேக் உடன்படிக்கையின் தலைப்பில் ஹைஜாக் கிடையாது, 'விமானங்களைச் சட்டவிரோதமாகக் கைப்பற்றுதல்' என்றுதான் இருக்கிறது. பலத்தாலோ மிரட்டலாலோ விமானத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், அதற்கு முயல்வதும் குற்றம். ஆனால் அந்த உடன்படிக்கையின்படி குற்றவாளி விமானத்துக்குள் இருக்க வேண்டும், விமானமும் 'பறப்பில்' இருக்க வேண்டும். பயணிகள் ஏறி வெளிக்கதவுகள் எல்லாம் மூடியது முதல், இறங்குவதற்காக ஏதேனும் ஒரு கதவைத் திறக்கும் வரை பறப்புதான். சக்கரம் தரையில் நின்றாலும் அப்படித்தான். கதவு திறந்திருக்கும்போது நடந்தால்? அந்த ஓட்டையை, ஹேக் உடன்படிக்கையைத் திருத்திய 2010 பெய்ஜிங் நெறிமுறை அடைத்தது. புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தம் தொடங்கியதிலிருந்து தரையிறங்கி 24 மணி நேரம் வரை இப்போது கணக்கு. 'எந்தத் தொழில்நுட்ப வழியிலும்' கைப்பற்றுவதையும் சேர்த்ததால், விமானத்தில் ஏறாமலே வெளியிலிருந்து அதை வசப்படுத்துபவனும் குற்றவாளியே.

செய்தி எழுதுபவர்களிடம் என் வேண்டுகோள்: விமானத்தில் பயணி ரகளை செய்தாலே ஹைஜாக் என்று தலைப்பிடாதீர்கள். கட்டுப்பாடு கைமாறியதா, அதற்கான முயற்சியாவது நடந்ததா என்று முதலில் கேளுங்கள்.