தாளத்துக்குப் பின்னால் தொடங்குவது அதீதம் அல்ல, பிழையும் அல்ல

திருவொற்றியூர்க் கோயில் கச்சேரிக் காணொளியின் கீழே, "தட்டு விழுந்த பிறகு பாட்டு எடுத்தார், தாளம் தப்பிவிட்டது, இதற்குப் பெயர் அதீதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சரியில்லை.

தாளம் தொடங்கிய பிறகு பாட்டு எடுத்தால் அது அனாகதம்; பாட்டே அப்படி அமைந்தது, தப்பு அல்ல. தாளம் தொடங்குமுன் பாட்டு எடுத்தால்தான் அதீதம். இரண்டும் ஒன்றாக விழுந்தால் சமம். இந்தப் பெயர்களை மாற்றிச் சொல்பவர்கள் நிறைய பேர்.

கையில் போட்டே பாருங்கள். ஒரு களை (ஒவ்வொரு கைச்செய்கையும் ஒரே முறை வரும்) ஆதி தாளத்தில் 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை; சதுஸ்ர நடையில் (எண்ணிக்கையை நான்காகப் பிரிப்பது) அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, 32. இடம் என்பது பாட்டு தொடங்கும் புள்ளி; அரை இடம் என்றால் முதல் தட்டு விழுந்து 2 மாத்திரை விட்டு எடுப்பது. முக்கால் இடத்துக்கு 3 மாத்திரை. ஒன்றரை இடத்துக்கு 6: தட்டு முழுதும் போய், சுண்டுவிரல் எண்ணிக்கையின் நடுவில் சொல் விழும். அதீதமானால், முந்தைய சுற்றின் கடைசி வீச்சு (கையைத் திருப்பிப் போடுவது) முடியுமுன்பே சொல் வந்துவிடும்.

தப்பு உண்மையில் நடப்பது பாட்டுக்குத் திரும்பி வரும்போதுதான். கல்பனாஸ்வரத்தின் (உடனுக்குடன் கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்) கோர்வையை, அதாவது அதை முடித்துவைக்கும் கணக்கை, சமத்துக்கு (முதல் தட்டுக்கு) முடித்து, எடுப்பை (பாட்டு தொடங்கும் இடத்தை) மறந்துவிடுவார்கள். அரை இடப் பாட்டுக்குச் சமத்திலிருந்து இரண்டு ஆவர்த்தனம் கோர்வை வைத்தால் 64 மாத்திரை போதாது, 66 வேண்டும்; மூன்று 22 ஆகப் பிரிக்கலாம். 64-ல் நிறுத்தினால் பாட்டு 2 மாத்திரை முன்னால் விழும், மிருதங்கக்காரர் திண்டாடுவார். அந்தக் காணொளியில் பாட்டு எடுத்தது அரை இடத்தில்; ஒவ்வொரு ஸ்வரமும் அதே அரை இடத்துக்கு வந்து நிற்கிறது. தயவுசெய்து கையில் தாளம் போட்டு இன்னொரு முறை கேளுங்கள், அந்த வித்வானின் உழைப்பு தெரியும்.