வம்சத்தில் இருக்கிறது என்றால், உடனே பிரஷர் பாருங்கள்

மூளையில் இரத்தக்கசிவு வந்து ஒருவர் இறந்த வீட்டில், "அவருடைய அப்பாவும் இப்படித்தான் போனார், பெரியப்பாவும் இப்படித்தான், அந்த வம்சத்துக்கே இருக்கிறது" என்பார்கள். அம்மாபேட்டையிலும் கேட்டிருக்கிறேன், ஏற்காட்டு எஸ்டேட் குடியிருப்பிலும் கேட்டிருக்கிறேன். காரியம் முடிந்ததும் அவரவர் பஸ் ஏறிவிடுகிறார்கள். இறந்தவரின் தம்பிக்குப் பிரஷர் எவ்வளவு என்று ஒருவரும் பார்ப்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

வம்சத்தில் வருகிறது என்பது பொய்யில்லை. மூளையின் மேற்பரப்பை ஒட்டி நேரும் கசிவுக்கான வாய்ப்பை ஏபிஓஇ மரபணுவின் இ2, இ4 வகைகள் கூட்டுகின்றன. வயது ஏற ஏற அமிலாய்டு என்ற புரதம் சிறு இரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து அவற்றைப் பலவீனமாக்குவதே இதற்குக் காரணம். ஆனால் மூளையின் ஆழத்தில் நேரும் கசிவுகளுக்கு முதன்மைக் காரணம் நாள்பட்ட இரத்த அழுத்தம். அதுவும் குடும்பத்தில் தொடர்வதுதான். ஆனால் மாத்திரைக்கு இறங்கும். தலைவலி இல்லையே என்று அந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்!

விதி இப்படி இருக்க மாத்திரை எதற்கு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முன்பே பக்கவாதம் வந்தவர்களிடம் நடந்து 2001-இல் வெளியான புரோகிரஸ் ஆய்வில், அழுத்தத்தைக் குறைத்ததும் மூளைக்கசிவு ஏறத்தாழப் பாதியானது. அமிலாய்டால் வந்ததாகக் கருதப்பட்ட கசிவுகள்கூடக் குறைந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொந்தத்தில் பெண் எடுப்பது நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. இரத்தம் உறைய உதவும் பதின்மூன்றாம் காரணியின் கடுமையான குறைபாடு மிக அரிது. தாய், தந்தை இருவர் வழியாகவும் பழுதான மரபணு வந்தால்தான் பிள்ளையைப் பாதிக்கும். அதனால் உறவுக்குள் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் அதிகம் தென்படுகிறது. பிறந்த சில நாட்களில் தொப்புளிலிருந்து இரத்தம் விடாமல் கசிவது முக்கியமான அடையாளம். வழக்கமான உறைதல் பரிசோதனைகளில் எல்லாம் சரியாகவே இருக்கும். இந்தக் குறைபாட்டுக்கென்று தனியாகச் சோதிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் விட்டால் அந்தக் குழந்தைக்கு மூளையில் கசியும் ஆபத்து பெரிது. கண்டுபிடித்துவிட்டால், ஏறக்குறைய மாதம் ஒருமுறை அந்தக் காரணியை ஏற்றியே தடுக்கலாம். ஆகவே, முதல் குழந்தை தொப்புள் கசிந்து இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாமியார் என்ன நினைப்பாரோ என்று தயவுசெய்து மறைக்காதீர்கள்.

மருத்துவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். மூளைக்கசிவு நோயாளிக்குக் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில், "உடன்பிறந்தவர்களும் வயதுவந்த பிள்ளைகளும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்" என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். இளவயதிலேயே கசிவு வந்திருந்தாலோ, ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்திருந்தாலோ, நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்படியும் சேர்த்து எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதன் ஊழியர்கள் இன்று வீடு வீடாகப் பிரஷர் பார்க்கிறார்கள். கசிவு வந்த வீட்டின் பெயரை அவர்களிடம் கொடுத்தால் போதும். திருப்பூருக்கு வேலைக்குப் போன தம்பிக்கு அண்ணன் மனைவியே போன் செய்து, அங்கேயே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கச் சொல்லலாம். அதற்குக் காசு ஒன்றும் ஆகாது.