சென்ட்ரலிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஆலந்தூரில் மாற வேண்டியதில்லை

“சென்ட்ரலிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேரடி மெட்ரோ இல்லை, ஆலந்தூரில் இறங்கி மாறணும்” என்று சிலர் சொல்வது பழைய தகவல். 2019 பிப்ரவரியில் டிஎம்எஸ் – வண்ணாரப்பேட்டை நிலையங்களுக்கு இடையிலான சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து மெட்ரோவின் நீலத் தடம் அண்ணா சாலை வழியாக நேரே போகிறது. சென்ட்ரலுக்கு அடுத்து அரசினர் தோட்டம், எல்ஐசி என்று எண்ணினால் பதின்மூன்றாவது நிறுத்தம் ஏர்போர்ட்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், சென்ட்ரலில் நீலம், பச்சை என்று இரண்டு தடமும் சந்திக்கின்றன. நடைமேடைகள் வேறு வேறு தளத்தில். “பரங்கிமலை” என்று பலகை காட்டும் பச்சைத் தட வண்டியில் ஏறினால் எழும்பூர், கோயம்பேடு என்று சுற்றும். அப்போதுதான் ஆலந்தூரில் இறங்கி, தளம் மாறி நீலத் தட வண்டி பிடிக்க வேண்டும், பெட்டியோடு அது பெரும் அவஸ்தை. ஆகவே தடத்தின் நிறத்தை மட்டும் நம்பாமல், வண்டி போய்ச்சேரும் இடம் “விமான நிலையம்” என்று இருக்கிறதா பாருங்கள்.

மின்சார ரயிலில் போகிறவர்கள் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் புறநகர் நிலையம் பக்கம் போகாதீர்கள், விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் நிலையத்துக்கு அங்கிருந்து வண்டி கிடையாது. சென்ட்ரலுக்கு எதிரே பார்க் நிலையத்தில் தாம்பரம் அல்லது செங்கல்பட்டு வண்டி பிடிக்க வேண்டும். விடியற்காலை நாலு மணி விமானம் என்றால் மெட்ரோவை நம்பாதீர்கள், முதல் வண்டியே ஐந்து மணி வாக்கில்தான்.