கைச்சூட்டுக்குப் பழகிவிடுமாம்!

ஞாயிற்றுக்கிழமை நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் பதிவைக் கேட்டவர்களுக்கு விஷயம் தெரியும். "ஆத்தா மாத்திரை போட்டவ, புள்ள கத்தத்தான் செய்யும். தூக்கித் தூக்கி வச்சா கைச்சூட்டுக்குப் பழகிரும், கிடக்கட்டும் விடுங்க." அதற்குக் கீழே பதினாறு கும்பிடு.

பிறந்து பன்னிரண்டு நாள் ஆன பிள்ளை அண்ணே அது. வயிற்றுக்குள் அதன் உடம்பு தாய் போட்ட போதை மாத்திரைக்குப் பழகிக் கிடந்தது. தொப்புள்கொடியை அறுத்ததும் வரத்து நின்றுபோனது. பெரும்பாலும் முதல் 3 நாளுக்குள் ஆரம்பித்துவிடும்: கீச்சென்ற அழுகை, நடுக்கம், விறைத்த கைகால், ஓயாத தும்மல், பேதி, பால் குடிக்கத் திணறல். கத்துவது திமிரில் அல்ல.

தூக்குங்கள். அதுதான் முதல் மருந்து. அமெரிக்காவில் இப்போது பல மருத்துவமனைகளில் பார்ப்பது மூன்றே விஷயம்தான்: குடிக்கிறதா, தூங்குகிறதா, அழுதால் 10 நிமிடத்துக்குள் தேற்ற முடிகிறதா. தேற்றுவது என்றால் தூக்கி வைத்திருப்பதுதான், வேறென்ன?

என் மூத்தவன் ஏழு மாதத்தில் பிறந்தவன். ஒரு நர்ஸம்மா அவனை என் நெஞ்சில் போட்டு, சேலையால் சேர்த்துக் கட்டிவிட்டார். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஊரில் தொடங்கிய முறை அது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். என் மாமியார் வாசலில் நின்றுகொண்டு, "இப்பவே மாரோட ஒட்டிக்கிட்டான், இனி இவ எந்த வேலைக்கு ஆவா" என்றார். அவர் இறந்து ஆறு வருடமாகிறது, இதையெல்லாம் எழுதக் கூடாதுதான். ஆனாலும் அந்தக் குரல் பதிவில் எனக்கு அவர் குரல்தான் கேட்டது.

"அப்ப எண்ணெய் தேய்ச்சா போதை இறங்கிருமோ?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இறங்காது. யார் சொன்னது இறங்கும் என்று? முற்றிப்போனால் டாக்டர் மார்ஃபினைச் சொட்டுக் கணக்கில் கொடுத்துத்தான் மெல்லக் குறைப்பார். வலிப்பு வந்தால் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்காமல் ஓடுங்கள். எங்கள் அப்பத்தா உசிலம்பட்டியில் காலை நீட்டி, பிள்ளையை அதன்மேல் போட்டு உருவோ உருவென்று உருவும். இந்தப் பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது. முதலில் சும்மா பிடித்திருக்க வேண்டும். ஒரு உள்ளங்கை தலையில், இன்னொன்று மடக்கிய கால்களில். அடங்கிய பிறகு முதுகில் மெதுவாக, ஆனால் அழுத்தமாக. விரல் நுனியால் வருடினால் கூச்சத்தில் இன்னும் அலறும். விளக்கைக் குறைத்து, சீரியலை அணைத்துவிடுங்கள். கொட்டாவி, விக்கல், முதுகை வில்லாக வளைப்பது என்று வந்தால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, கையை மட்டும் அப்படியே வைத்திருங்கள்.

"தாய்க்கு இடம் கொடுத்த மாதிரி ஆகாதா?" ஆகட்டும்.

"வயித்துல இருக்கும்போதே நிறுத்தியிருக்கலாமே?" சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் பார்த்து மாற்று மருந்து கொடுத்துத்தான் சமாளிக்க வேண்டும். அவளை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போனீர்கள்? மாத்திரையை முதலில் வாங்கிவந்து கொடுத்த புருஷனைப் பற்றி ஒரு குரல் பதிவு உண்டா? விற்றவனைப் பற்றி? அவன் கடையில்தானே பாதித் தெருவுக்கும் அக்கவுண்ட்! பொம்பளை என்றால் மட்டும் எல்லோருக்கும் தொண்டை திறந்துகொள்கிறது.

சரி, நான் குழுவிலிருந்து விலகிவிட்டேன். தினமும் நாலு மணிக்கு அந்த வீட்டுக்குப் போகிறேன். நேற்று நாற்பது நிமிடம் என் நெஞ்சில் தூங்கியது. வியாழக்கிழமை என்னால் போக முடியாது. இரண்டு மணிநேரம் பிள்ளையை வைத்திருக்க யாராவது வர முடிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கும்பிடு போட்ட பதினாறு பேரும்கூட வரலாம். கையைக் கழுவிவிட்டு, சென்ட் போடாமல் வாருங்கள்.