'நூறாண்டு வெள்ளம்' வந்துவிட்டால் இனிக் காப்பீடு வேண்டாமா?

அமெரிக்கக் கிராமப்புறத்தில் வீடு வாங்குவோரிடையே ஒரு தகவல் சுற்றுகிறது: "போன வருஷம்தான் நூறாண்டு வெள்ளம் வந்தது. இனி நூறு வருஷத்துக்கு வராது, வெள்ளக் காப்பீட்டை நிறுத்திவிடலாம்." இது தவறு.

'நூறாண்டு வெள்ளம்' என்பது ஒவ்வோர் ஆண்டும் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். சென்ற ஆண்டு வந்திருந்தாலும் இந்த ஆண்டும் அதே 1 சதவீதம்தான். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல்.

நிறுத்தியபின் மழையைப் பார்த்து மறுபடி எடுக்க நினைத்தால், தேசிய வெள்ளக் காப்பீட்டில் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது.

அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் உங்கள் வீடு தவறாக வெள்ளப்பகுதிக்குள் விழுந்திருந்தால் அதற்குத் தனி வழி உண்டு. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு, வீட்டுச் சுவரைத் தொடும் தரையின் மிகத் தாழ்ந்த இடத்தை அளக்கச் சொல்லுங்கள். அது அடிப்படை வெள்ள மட்டத்துக்கு (நூறாண்டு வெள்ளத்தில் நீர் எட்டும் உயரம்) சமமாகவோ மேலாகவோ இருந்தால், பெடரல் அவசரநிலை முகமையான ஃபீமாவிடம், வீடு வெள்ளப்பகுதியில் இல்லை என்று சொல்லும் வரைபடத் திருத்தக் கடிதம் கேட்கலாம். இயற்கையான மேட்டுநிலத்துக்குக் கட்டணம் இல்லை. மண் கொட்டி உயர்த்திய மனைக்கு விதி வேறு. கிராமங்களில் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்: வரைபடத்தில் நூறாண்டு வெள்ள அபாயப் பகுதியாகக் காட்டப்படும் பல 'ஏ' மண்டலங்களில் அந்த வெள்ள மட்டமே குறிக்கப்பட்டிருக்காது. முதலில் அதைக் கணக்கிட்டுப் பெற வேண்டும்.

கடிதம் கிடைத்தாலும், கடன் கொடுத்த வங்கி காப்பீட்டைத் தொடரச் சொல்லலாம்.