ஒன்பது ஆம்பியர் பொய்

(சிங்கப்பூர் யீஷுனில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழே கோப்பிக்கடை. சனிக்கிழமை காலை. மணியண்ணன், செம்பவாங் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கைக்கு மட்டும்தான், வாய்க்கு இல்லை. ரவி நாளைக்குத் திருச்சிக்குப் பறக்கிறான். தங்கச்சியின் புது வீட்டில் திரைச்சீலைக் கம்பி மாட்டித் தருவதாக வாக்கு. மேசையில் தே தாரிக் தேநீர் இரண்டு, டிரில் பேட்டரி இரண்டு.)

ரவி: பாருங்கண்ணே! 18 வோல்ட், கொள்ளளவு 9 ஆம்பியர் அவர். ரெண்டும் சேர்த்து 39 வெள்ளி. டிரில் கம்பெனிக்காரன் 5 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணுக்கே நூறு வெள்ளிக்கு மேல சொல்றான்.

மணி: (ஒன்றைத் தூக்கி, காதோரம் குலுக்கி) உள்ள பேட்டரி இருக்கா, இல்ல பின்னால தனியா வருதா?

ரவி: லேசா இருக்கறதே அதோட சிறப்புண்ணே. புது டெக்னாலஜி.

மணி: நிறுத்துப் பார்த்தியா?

ரவி: வீட்ல கேக் செய்யற தராசுல வெச்சேன். 340 கிராம். மாவு கொட்டற தராசுல இத ஏன் வெச்சேன்னு வீட்டுக்காரி இன்னும் பேசல.

மணி: அந்தப் புள்ள பேசாததே நல்லது. இதுக்குள்ள இருக்கறது 18650ன்னு ஒரு உருளைச் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஒண்ணு 3.6 வோல்ட், அஞ்சை வரிசையா கோத்தா 18. கம்பெனிக்காரன் 5 ஆம்பியர் அவர் தரணும்னா அப்படி ரெண்டு வரிசை வெப்பான், 10 செல். செல் ஒண்ணு 45 கிராமுக்குக் குறையாது. பத்துக்கு என்னாச்சு?

ரவி: 450.

மணி: உன்னுது கூடு, ஸ்க்ரூ, ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்தே 340.

ரவி: (விரல் விட்டு எண்ணி) அப்ப உள்ள அஞ்சுதானா?

மணி: அஞ்சு பேர் வேலைக்கு வந்து பத்து பேருக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

ரவி: அந்த அஞ்சும் உசத்தி செல்லா இருந்தா?

மணி: இந்த அளவுல நல்ல செல்லுன்னா 3.5 ஆம்பியர் அவர் பக்கம் வரும். பத்து செல் வெச்சாலும் 9 வரணும்னா ஒவ்வொண்ணும் 4.5 பிடிக்கணும். அப்படி ஒரு 18650 இன்னும் பொறக்கல. அஞ்சே அஞ்சுன்னா ஒவ்வொண்ணும் 9. பேராசைக்கும் ஒரு அளவு வேணாமா? இது ஒண்ணரை தேறினாலே நீ கோயிலுக்குத் தேங்காய் உடைக்கணும்.

ரவி: ஆனா பேட்டரியில சார்ஜ் காட்டற நாலு விளக்கும் எரியுதுண்ணே! நேத்து சுவத்துல வெச்சு அழுத்தினேன், நாலும் பளிச்சுன்னு எரிஞ்சுது. டிரில் மட்டும் சுத்தல.

மணி: அந்த விளக்கு வோல்ட்டைப் பார்த்து எரியறது. சும்மா இருக்கறப்ப வோல்ட் நல்லாத்தான் காட்டும். பளு ஏறினாத்தான் வண்டவாளம் தெரியும். எந்தச் சுவத்துல போட்ட?

ரவி: ஸ்டோர் ரூம்ல.

மணி: அரசாங்க வீவக வீட்டு பாம் ஷெல்ட்டர்லயா? குண்டுக்கே அசையக் கூடாதுன்னு கட்டின சுவர்டா அது! 39 வெள்ளிக்கு அசையுமா?

(பக்கத்து மேசைத் தாத்தா சிரிக்கிறார். மாண்டரின் நாளிதழ் படிப்பவர், தமிழ் தெரியாது. ரவியின் முகம் மட்டும் புரிந்திருக்கிறது.)

மணி: சார்ஜ் போட்டப்ப சூடாச்சா?

ரவி: கொஞ்சம். காலையில தொட்டா சுட்டுது.

மணி: காலையிலயா? ராத்திரி பூரா போட்டுட்டுத் தூங்கினியா?

ரவி: விளக்கு பச்சை ஆகலைண்ணே...

மணி: தீயணைப்புக்கு 995 அடிக்கத் தெரியுமில்ல? அதையும் கத்துக்க. கம்பெனி பேட்டரியில சூட்டைப் பார்க்க ஒரு உணரி இருக்கும். சூடு ஏறினா சார்ஜர் நிறுத்திடும். மலிவுல சிலதுல அது இருக்கற இடத்துல சூடு தெரியாத வெறும் ரெசிஸ்டரைச் சால்டர் பண்ணி விட்டுருவானுங்க. பேட்டரி உள்ள வேகும், சார்ஜர்கிட்ட 'சௌக்கியமா இருக்கேன்'னு சொல்லும். அஞ்சு செல்லுல ஒண்ணு சோப்ளாங்கியா இருந்தாலும் கவனிக்க ஆள் இல்ல. முழு சார்ஜுல செல்லுக்கு 4.2, மொத்தம் 21 வோல்ட் வந்தா போதும்னு அடிச்சுத் தள்ளும். ஒருத்தன் 4.2க்கு மேல வாங்கி வீங்குவான்.

ரவி: பழைய சுங்கை ரோடு சந்தையிலயே வாங்கியிருக்கலாம்.

மணி: அதை 2017லயே மூடியாச்சு. திருட்டுச் சந்தைன்னுதான் பேரு. ஆனா கையில தூக்கிப் பார்த்து வாங்கலாம். போகட்டும், ஊருக்கு இதையா எடுத்துட்டுப் போற?

ரவி: ஆமா. பெட்டியில போட்டுடுவேன்.

மணி: டிரில் பெட்டியில போகும். தனி லித்தியம் பேட்டரி பெட்டியில போகக் கூடாது, கைப்பையிலதான்.

ரவி: சரி, கைப்பை.

மணி: வோல்ட்டை ஆம்பியர் அவரால பெருக்கினா வாட் அவர். அது 100 வரைக்கும் பிரச்சினையில்ல. 160 வரைக்கும் விமானக் கம்பெனிகிட்ட அனுமதி வாங்கணும். அதுக்கு மேல பயணியோட போகவே கூடாது. 18ஐ 9ஆல பெருக்கு.

ரவி: (நெற்றி சுருங்கி) 162.

(தே தாரிக் ஆறிப்போகிறது.)

ரவி: அண்ணே, ஆனா உள்ள ஒண்ணரைதானே இருக்கு! 18 பெருக்கல் ஒண்ணரை, 27!

மணி: சாங்கி விமான நிலையத்துல போய்ச் சொல்லு. 'ஐயா, இது போலி. நான் நல்லா ஏமாந்துட்டேன். தயவுசெஞ்சு விடுங்க'ன்னு.

ரவி: ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டா?

மணி: ஊர் பேர் தெரியாத பேட்டரிய எவன் விடுவான்? உன் ஸ்டிக்கர் சொன்னதை முழுசா நம்பப் போற ஒரே ஆளு அந்தப் பரிசோதனை அதிகாரிதான்.

ரவி: கம்பெனி பேட்டரின்னா?

மணி: 18 பெருக்கல் 5, 90. கைவீசிட்டுப் போகலாம். இல்லாட்டி ஒயர் டிரில் எடுத்துட்டுப் போ.

ரவி: அங்க கரண்ட் போனா?

மணி: உன் தங்கச்சி காபி போடுவா. இதைக் குப்பை கொட்டற ரப்பிஷ் சூட்ல மட்டும் தள்ளிடாத, மின்கழிவுத் தொட்டியில போடு. முனையில டேப் ஒட்டிட்டுப் போடு.

ரவி: இருங்க, விக்கறவனையே கேக்கறேன். (தட்டுகிறான்.) 'உள்ள 1.5தான் இருக்கு, ஏன் 9.0ன்னு போட்டீங்க?' ... பதில் வந்துருச்சு! '9.0 என்பது கொள்ளளவு அல்ல, மாடல் பெயர்'ங்கறான்.

மணி: பிரமாதம். அதை எழுத்துல வாங்கிச் சாங்கியில காட்டு.

ரவி: இருங்கண்ணே, இன்னொண்ணும் வருது. மன்னிச்சுக்கச் சொல்றான். இலவசமா வேற பேட்டரி அனுப்பறானாம்!

மணி: எத்தன ஆம்பியர் அவராம்?

ரவி: (மெதுவாக) 12.0.