இறகு உதிர்ந்த கோழியை விற்க வேண்டியதில்லை

ஓர் அண்ணன், "இறகு கொட்டி முட்டையை நிறுத்திய கோழி இனி முட்டை வைக்காது, கறிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது சரியல்ல. ஒன்றரை வயதை ஒட்டி வரும் இறகு உதிர்வு இயற்கையானது. இறகு பெரும்பாலும் புரதம். புது இறகுக்கே உடம்பின் புரதம் போவதால் முட்டை நிற்கிறது. பொதுவாக இரண்டு முதல் நான்கு மாதத்தில் மீண்டும் முட்டை வரும். எண்ணிக்கை முன்னைவிடக் குறையும், முட்டை சற்றுப் பெரிதாக இருக்கும்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இறக்கையை விரியுங்கள். வெளிப்பக்கம் பத்து பெரிய இறகுகள் இருக்கும். அவை இறக்கையின் நடுவிலிருந்து நுனி நோக்கி வரிசையாக விழும். விழுந்த இடத்தில் ரத்தம் ஓடும் முளை இறகு கூர்மையாக நிற்கும். (அதை அழுத்தாதீர்கள், வலிக்கும்.) முளையே இல்லாமல் முதுகு மட்டும் மொட்டையாக இருந்தால் அது வேறு சிக்கல், பேன் பிடித்திருக்கிறதா, மற்ற கோழிகள் கொத்துகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து, எச்சவாய்க்குக் கீழே உள்ள இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே விரல் வைத்துப் பாருங்கள். ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இப்போது முட்டை இல்லை. அடையாளத்துக்குக் காலில் நூல் கட்டிவிட்டு, வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டு மூன்று விரல் இடைவெளி வந்து, வெளுத்த கொண்டையும் சிவந்தால் முட்டை நெருங்கிவிட்டது.

கோடையில் தொட்டித் தண்ணீர் ஒருநாள் வற்றினாலும் காலம் தவறி இறகு உதிரலாம். அப்படி உதிர்ந்த கோழிக்கும் இதே சோதனைதான்.